தவறு செய்ய ஓர் இடம் வேண்டும்



பள்ளிகள் திறந்து சில நாட்களே ஆகியிருந்த ஒரு ஜூன் மாதம். சூலக்கரையில் எனக்குத் தெரிந்தவர் வீட்டுக்குப் போயிருந்தேன். அவருடைய மகள் ஒன்பதாம் வகுப்பில் படிக்கிறாள். வீட்டு முற்றத்தில் ஒரு மீட்டர் உயரமுள்ள குச்சியை நேராக நட்டுவைத்திருந்தாள். வீட்டிலேயே செய்யக்கூடிய விஞ்ஞானச் சோதனைகளைப் பற்றிய ஒரு புத்தகத்தைப் பார்த்து, நண்பகல் நிழலை அளந்துகொண்டிருந்தாளாம்.

"நோட்டைக் காட்டம்மா, பார்க்கலாம்" என்றேன். தயங்கினாள்.

"தப்பா வந்திருச்சு சார். அழிச்சிட்டேன்."

வாங்கிப் பார்த்தேன். ரப்பரால் அழித்த இடத்தில் காகிதம் தேய்ந்திருந்தது. அதன்மேல், "நண்பகலில் நிழல் வடக்குத் திசையில் விழுந்தது" என்று முத்து முத்தான எழுத்தில் எழுதியிருந்தாள். அது புத்தகத்தில் இருந்த வாக்கியம். அவள் முதலில் எழுதியிருந்தது என்ன தெரியுமா? "நிழல் தெற்கே விழுந்தது. 24 செ.மீ. கொஞ்சம் மேற்கே சாய்ந்திருந்தது."

அன்று அவள் அழித்தது தவறான விடையை அல்ல. அந்த முற்றத்தில் கிடைத்த சரியான விடையை அழித்துவிட்டு, எங்கோ வேறு நாட்டுக்குப் பொருந்தும் விடையை எழுதிவைத்திருந்தாள்! அவளை நான் குறை சொல்லவில்லை. ஏன் அழிக்கத் தோன்றியது என்பதுதான் என் கேள்வி. இந்தக் கட்டுரையும் அதைப் பற்றியதுதான்.

இரண்டு 'தவறுகள்'

முதலில் அந்த நிழலைக் கவனிப்போம். சூலக்கரையும் விருதுநகரும் நிலநடுக்கோட்டிலிருந்து ஏறக்குறைய 9½ பாகை வடக்கே இருக்கின்றன. சூரியனோ ஆண்டு முழுவதும் ஒரே பாதையில் செல்வதில்லை. ஜூன் 21ஐ ஒட்டி 23½ பாகை வடக்கிலும், டிசம்பர் 22ஐ ஒட்டி 23½ பாகை தெற்கிலும் உள்ள இடங்களுக்கு நேர் உச்சியில் நிற்கிறது. ஆகவே ஜூன் மாதத்தில் நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே இருக்கிறது. சூரியன் வடக்கே இருந்தால் நிழல் தெற்கேதானே விழ வேண்டும்? டெல்லியிலும் லண்டனிலும் நண்பகல் நிழல் ஆண்டு முழுவதும் வடக்கே விழும். அந்தப் புத்தகம் அப்படிப்பட்ட ஓர் ஊரை மனத்தில் வைத்து எழுதப்பட்டது.

இரண்டாவது 'தவறு', நிழல் மேற்கே சாய்ந்தது. அவள் கடிகாரத்தில் சரியாக 12 மணிக்கு அளந்திருக்கிறாள். ஆனால் நம் கடிகாரங்கள் காட்டும் இந்திய நேரம், 82½ பாகை கிழக்கு நெடுங்கோட்டுக்கு உரியது. விருதுநகர்ப் பகுதி இருப்பது ஏறக்குறைய 78 பாகையில். பூமி ஒரு பாகை சுழல 4 நிமிடம் ஆகிறது. 4½ பாகைக்கு 18 நிமிடம். எனவே அந்த ஊரின் உண்மையான நண்பகல், ஜூன் மாதத்தின் அந்த நாட்களில் 12 மணி 18 நிமிடத்துக்குத்தான் வரும். 12 மணிக்குச் சூரியன் இன்னும் சற்றுக் கிழக்கே இருந்தது. நிழல் மேற்கே சாய்ந்தது.

இதில் உள்ள அழகைப் பாருங்கள். நிழல் தெற்கே விழுந்த அளவு, சூலக்கரை எந்த அட்சரேகையில் இருக்கிறது என்று சொல்கிறது. நிழல் மேற்கே சாய்ந்த அளவு, அது எந்தத் தீர்க்கரேகையில் இருக்கிறது என்று சொல்கிறது. இரண்டு தவறுகளும் சேர்ந்து உலக உருண்டையில் அவள் வீட்டு முற்றம் எங்கே இருக்கிறது என்று காட்டிக்கொடுத்துவிட்டன. அவள் ரப்பரை எடுத்து அதை அழித்துவிட்டாள்.

ரெக்கார்டு நோட்டு தந்த பழக்கம்

அந்த ரப்பர் எங்கிருந்து வந்தது? நம் செய்முறை வகுப்புகளிலிருந்து வந்தது என்பதே என் கருத்து.

தனி ஊசல் சோதனையை எடுத்துக்கொள்ளுங்கள். நூலின் நீளத்தை அளக்கிறோம். 20 அலைவுகளுக்கு ஆகும் நேரத்தைக் குறிக்கிறோம். கணக்குப் போட்டால் புவியீர்ப்பு முடுக்கம் கிடைக்கும். அது 9.8 வர வேண்டும் என்பது தொடங்கும் முன்பே எல்லாருக்கும் தெரியும். 10.9 வந்தால் என்ன செய்கிறோம்? 9.8ஐ எழுதிவிட்டு, பின்னாலிருந்து கணக்குப் போட்டு அலைவு நேரத்தைத் 'திருத்தி' எழுதிக்கொள்கிறோம். நானும் மாணவனாக இருந்தபோது அப்படிச் செய்தவன்தான். மதிப்பெண்ணும் கிடைத்தது.

ஆனால் அந்த 10.9 சும்மா வந்ததல்ல. குண்டை விடும்போதே 'ஒன்று' என்று எண்ணத் தொடங்கிவிட்டால், 20 என்று சொல்லும்போது உண்மையில் முடிந்திருப்பது 19 அலைவுகள்தான். 19க்கு ஆன நேரத்தை 20க்கு ஆனதாகக் கொண்டு கணக்கிட்டால், 9.8க்குப் பதில் ஏறக்குறைய 10.9 வரும். குண்டை விடும்போது 'பூஜ்யம்' என்று எண்ண வேண்டும். இந்தப் பாடத்தை அந்த 10.9 நமக்குச் சொல்லிக்கொடுக்கக் காத்திருந்தது. நாம் அதை அழித்துவிட்டோம்.

ஆசிரியர்களைக் குறை சொல்வது என் நோக்கமல்ல. நாற்பது மாணவர்கள், நான்கு ஊசல்கள், ஒரு மணி நேரம், முடிவில் தேர்வு என்று இருந்தால் வேறென்ன நடக்கும்? பள்ளியில் தவறான விடைக்கு விலை உண்டு. மதிப்பெண்தான் அந்த விலை. அதனால் அங்கே தவறைக் காப்பாற்றி வைக்க யாருக்கும் துணிவு வருவதில்லை.

வீட்டில் அந்த விலை இல்லை. வீட்டு முற்றத்தில் செய்யும் சோதனைக்கு யாரும் மதிப்பெண் போடப்போவதில்லை. அங்கே வந்ததை வந்தபடியே எழுதலாம். வீட்டுச் சோதனைகளின் உண்மையான பெருமை இதுதான் என்று நினைக்கிறேன். சாமான் மலிவு என்பதோ, பொழுது போகும் என்பதோ அதற்கு அடுத்தபடிதான். பள்ளிப் பாடத்தை வீட்டிலும் திரும்பச் செய்வதற்காக அவை தேவையில்லை. தவறு செய்ய ஓர் இடம் வேண்டும், அதற்காகத்தான் தேவை.

மருந்து அறையில் தவறுக்கு இடமில்லை

இதை விருதுநகர் மாவட்டத்துப் பிள்ளைகளை முன்னிட்டுச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு.

மழை குறைந்த இந்தக் கரிசல் பூமியில், விவசாயம் கைகொடுக்காத காலத்தில், சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922இல் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்தார்கள். 1923இல் தொழில் தொடங்கியது. பின்னர் பட்டாசும் அச்சும் வந்தன. வானம் பொய்த்தாலும் வயிறு காயாமல் இந்த ஊர்கள் பிழைத்தது அதனால்தான்.

அந்தத் தொழிலில் மருந்து அறை என்று ஒன்று உண்டு. பட்டாசு இரசாயனங்களைக் கலக்கும் இடம். ஓர் அறையில் எத்தனை பேர் இருக்கலாம், எவ்வளவு மருந்து இருக்கலாம் என்பதற்கெல்லாம் வரம்பு உண்டு. மிஞ்சிய கலவையை மறுநாளுக்கு வைக்கக்கூடாது. ஏன் இத்தனை கட்டுப்பாடு? பிராணவாயுவைத் தரும் பொருளும் எரியும் பொருளும் அங்கே அருகருகே, பொடியாக, காத்துக்கொண்டிருக்கின்றன. ஓர் உராய்வு, ஒரு தட்டு, ஒரு சிறு மின்பொறி போதும். 2012 செப்டம்பர் 5ஆம் தேதி சிவகாசியை அடுத்த முதலிபட்டியில் ஏறக்குறைய 40 பேர் உயிரிழந்தார்கள். உதவப் போனவர்களும் பார்க்கப் போனவர்களும் அதில் அடக்கம்.

மருந்து அறையில் செய்யும் தவறு கற்றுத்தருவதில்லை. அது பறித்துக்கொண்டு போய்விடுகிறது.

ஒரு காலத்தில் இந்த மாவட்டத்தில் பிள்ளைகளின் விரல்களும் அந்தத் தொழிலில்தான் இருந்தன. பதினான்கு வயதுக்குட்பட்டோரைத் தீப்பெட்டி, பட்டாசுத் தயாரிப்பில் ஈடுபடுத்துவதை 1986ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்தது. சிவகாசிக் குழந்தைகளைப் பற்றிய வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு வழங்கியது. 2016இல் வந்த திருத்தம், பதினெட்டு வயது நிரம்பாத எவரையும் அபாயகரமான தொழில்களில் அமர்த்தக்கூடாது என்றது. இப்படிப் படிப்படியாக மீட்கப்பட்ட விரல்கள் உங்கள் விரல்கள்.

ஆகையால் ஒன்றை ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிடுகிறேன். வெடிக்காத பட்டாசைப் பிரித்து மருந்தை எடுப்பது, தீக்குச்சித் தலைகளைச் சுரண்டிச் சேர்ப்பது, எங்கிருந்தோ கிடைத்த பொடிகளைக் கலந்து பார்ப்பது ஆகியவை சோதனைகளே அல்ல. தோற்றால் விரலோ கண்ணோ போகும் என்றால் அங்கே உங்களுக்குத் தோற்கும் உரிமை இல்லை. தோற்கும் உரிமை இல்லாத இடத்தில் விஞ்ஞானம் நடக்காது.

வேடிக்கையும் சோதனையும்

"அப்படியானால் ஆபத்தில்லாத சோதனைகள் எத்தனையோ இருக்கின்றனவே! சோடா உப்பில் எலுமிச்சைச் சாற்றை ஊற்றினால் எரிமலைபோல் பொங்குமே!" என்பீர்கள்.

பொங்கும், பார்க்க நன்றாகவும் இருக்கும். ஆனால் முடிவு முன்பே தெரிந்துவிட்டது. பொங்கியதும் கைதட்டிவிட்டுப் பாத்திரத்தைக் கழுவிவைத்துவிடுகிறோம். புஸ்வாணத்துக்கும் அதற்கும் என்ன வேறுபாடு? இரண்டுமே கண்ணுக்கு விருந்து. அதில் தவறில்லை. ஆனால் அதை வேடிக்கை என்று சொல்லுங்கள், சோதனை என்று சொல்லாதீர்கள்.

அதே சோடா உப்பை வைத்து, "இரண்டு மடங்கு சாறு ஊற்றினால் இரண்டு மடங்கு பொங்குமா?" என்று கேட்டுப் பாருங்கள். உடனே அது சோதனையாகிவிடுகிறது. ஏனென்றால் 'ஆம்' என்றும் வரலாம், 'இல்லை' என்றும் வரலாம். சோதனைக்கு அடையாளம் இதுதான்: விடை இன்னதென்று உங்களுக்குத் தெரியக்கூடாது; எந்த விடை வந்தாலும் ஏற்றுக்கொள்ள நீங்கள் தயாராக இருக்க வேண்டும்.

கரிசலைக் கேளுங்கள்

சூலக்கரையைச் சுற்றிலும் விலை கொடுக்காமல் கிடைக்கும் சோதனைப் பொருள் ஒன்று உண்டு. கரிசல் மண்!

கோடையில் கரிசல் காடு பாளம் பாளமாக வெடித்துக் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். முதல் மழையில் அந்த வெடிப்புகள் மூடிக்கொள்ளும். காரணம், கரிசலில் இருக்கும் ஸ்மெக்டைட் வகைக் களிமண். அதன் நுண்ணிய துகள்கள் ஏடு ஏடாக அடுக்கப்பட்டவை. ஏடுகளுக்கு இடையே தண்ணீர் புகுந்தால் மண் உப்பும். தண்ணீர் போனால் சுருங்கும். எவ்வளவு சுருங்கும்? கரிசல் மண்ணைச் சேறாகப் பிசைந்து, நீளமான பட்டையாகத் தட்டி, மேலே 10 செ.மீ. இடைவெளியில் இரண்டு கோடுகள் கீறுங்கள். பக்கத்தில் செம்மண்ணிலும் அதேபோல் ஒரு பட்டை. நிழலில் உலரவிட்டு, தினமும் இரு கோடுகளுக்கு இடையிலுள்ள தூரத்தை அளந்து எழுதுங்கள். என்ன எண் வரும் என்று நான் சொல்லப்போவதில்லை. உங்கள் ஊர் மண்ணுக்கு உரிய எண் உங்களிடம்தான் இருக்கிறது.

இன்னொன்று. கண்ணாடி பாட்டிலில் ஒரு கைப்பிடி கரிசல் மண்ணைப் போட்டு, தண்ணீர் ஊற்றி, மூடிக் குலுக்கி வைத்துவிடுங்கள். மணல் உடனே அடியில் தங்கும். வண்டல் மெல்ல இறங்கும். களிமண் மட்டும் நீரைக் கலங்கலாகவே வைத்திருக்கும். எத்தனை மணி நேரத்தில் நீர் தெளிகிறது என்று குறியுங்கள்.

இதை நீங்களும் உங்கள் தோழரும் தனித்தனியே, ஒரே வயலின் மண்ணை வைத்துச் செய்தீர்கள் என்று வையுங்கள். அவர் பாட்டில் சீக்கிரமே தெளிந்துவிட்டது. உங்கள் பாட்டில் மறுநாளும் கலங்கியே இருக்கிறது. யார் செய்தது தவறு? ரப்பரை எடுப்பதற்கு முன் ஒரு கேள்வி கேளுங்கள்: எந்தத் தண்ணீர் ஊற்றினீர்கள்?

அவர் உப்புக் கிணற்று நீரை ஊற்றியிருக்கலாம். நீங்கள் மழைநீரையோ, உப்பு நீக்கிய கேன் தண்ணீரையோ ஊற்றியிருக்கலாம். களிமண் துகள்கள் எதிர்மின்னேற்றம் கொண்டவை. அதனால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நீரில் மிதக்கின்றன. உப்பு நீரிலுள்ள கால்சியம் முதலியவற்றின் நேர்மின் அயனிகள் அந்தத் தள்ளுதலைக் குறைக்கின்றன. துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகி அடியில் இறங்கிவிடுகின்றன. ஆற்று வண்டல் கடலைத் தொட்டதும் படியத் தொடங்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

மண்ணைச் சோதிக்கப் போய், தண்ணீரைப் பற்றித் தெரிந்துகொண்டோம் அல்லவா? இருவரில் ஒருவர் மற்றவருடைய எண்ணைப் பார்த்து எழுதியிருந்தால் இது கிடைத்திருக்குமா?

புத்தகம் தவறா, நான் தவறா?

இதைப் படித்துவிட்டு, "இனிமேல் புத்தகம் சொல்வதெல்லாம் பொய், என் நோட்டில் இருப்பதே மெய்" என்று சிலர் கிளம்பிவிடக்கூடும். அதுவும் கூடாது. உங்கள் எண்ணும் புத்தகத்து எண்ணும் மாறுபட்டால், பெரும்பாலும் தவறு நம்மிடம்தான் இருக்கும்.

பாட்டிலை வெட்டி மழைமானி செய்யும்போது இது நன்றாகத் தெரியும். நேரான பக்கங்களுள்ள பாட்டிலாக இருந்தால், உள்ளே சேர்ந்த நீரின் உயரமே மழையின் அளவு. விருதுநகர் மாவட்டத்தில் ஆண்டுக்குப் பெய்வது ஏறத்தாழ 800 மி.மீ. அதில் பெரும்பகுதி வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கிடைப்பது. ஒருநாள் உங்கள் பாட்டில் 40 மி.மீ. காட்டுகிறது, மறுநாள் பத்திரிகையில் உங்கள் ஊருக்கு 22 மி.மீ. என்று போட்டிருக்கிறது. என்ன செய்வீர்கள்?

வீட்டுக் கூரையிலிருந்து சொட்டிய நீர் பாட்டிலில் விழுந்திருக்கலாம். மேலே வைத்த புனலின் வாய் பாட்டிலைவிட அகலமாக இருந்திருக்கலாம். அப்படியானால் தவறு உங்களுடையது. ஆனால் கோடை மழை ஒரு தெருவில் கொட்டி, அடுத்த தெருவைத் தொடாமல் போவதும் உண்டு. அப்படியானால் இரண்டு எண்களும் சரி! எது என்று கண்டுபிடிக்கப் பாட்டிலை வெட்டவெளியில் வைத்து, அடுத்த மழைக்குக் காத்திருக்க வேண்டும். 40 என்பதை அழிக்காமல், பக்கத்தில் "கூரை ஓரத்தில் வைத்திருந்தேன்" என்று எழுதிவையுங்கள். அதுதான் நேர்மை.

1921இல் கப்பலில் நாடு திரும்பிக்கொண்டிருந்த சர் சி.வி. ராமன், கடலின் ஆழ்ந்த நீலத்தைக் கண்டு வியந்தார். அது வானத்தின் பிரதிபலிப்பே என்பது ராலே என்ற மாமேதையின் கருத்து. ராமன் அதை மறுத்துப் பேசவில்லை. தாம் வைத்திருந்த ஒரு சிறு நிக்கல் பட்டகத்தை எடுத்தார். நீர்ப்பரப்பில் பிரதிபலித்து வரும் ஒளியை அதன் மூலம் தடுத்துவிட்டுப் பார்த்தார். அப்போதும் கடல் நீலமாகவே இருந்தது. நீரே ஒளியைச் சிதறச் செய்கிறது என்ற முடிவுக்கு வந்தார். அந்தப் பாதைதான் 1928இல் ராமன் விளைவுக்கும் 1930இல் நோபல் பரிசுக்கும் கொண்டு சென்றது. பெரியவர் சொன்னதை அப்படியே எழுதிக்கொள்ளவும் இல்லை. சோதித்துப் பார்க்காமல் தள்ளவும் இல்லை. நாம் கற்க வேண்டியது அந்த நடுவழியை.

இல்லை என்பதும் ஒரு செய்திதான்

இயற்கையைக் கவனிப்பதிலும் இதே நேர்மை வேண்டும். உங்கள் தெருவில் ஒரு வேப்பமரத்தைத் தேர்ந்தெடுங்கள். வாரம் ஒருமுறை அதே மரத்தைப் பாருங்கள். துளிர் எப்போது வந்தது, முதல் பூ எப்போது, முதல் பழம் எப்போது என்று தேதி போட்டு எழுதுங்கள். பெரும்பாலான வாரங்களில் "மாற்றம் எதுவும் இல்லை" என்றுதான் எழுத வேண்டியிருக்கும். சலிப்பாக இருக்கும். ஆனாலும் எழுதுங்கள். சென்ற வாரம் "பூ இல்லை" என்று எழுதியிருந்தால்தான் இந்த வாரம் கண்ட பூவை முதல் பூ என்று உறுதியாகச் சொல்ல முடியும்.

குல்லூர்சந்தை நீர்த்தேக்கத்துக்குப் பறவை பார்க்கப் போனாலும் அப்படியே. போன நாளில் ஒரு பறவைகூட இல்லாவிட்டால் நோட்டில் 'பூஜ்யம்' என்று தேதியுடன் எழுதுங்கள். வந்த நாட்களை மட்டும் எழுதிவைத்தால், நாளைக்கு அந்த நோட்டைப் புரட்டுபவர், எந்நாளும் அங்கே பறவைகள் நிறைந்திருந்தன என்று நினைத்துவிடுவார். எதையும் பொய்யாக எழுதாமலேயே பொய் சொன்னதாகிவிடும்.

மைக்கேல் ஃபாரடே என்ற பெயரை இயற்பியல் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். ஏழைக் கொல்லரின் மகன். பதினான்கு வயதில், 1805இல், லண்டனில் ஒரு புத்தகக் கட்டுநரிடம் தொழில் பழகச் சேர்ந்தார். கட்டவந்த புத்தகங்களைப் படித்தே விஞ்ஞானியானார். பிற்காலத்தில் தம் சோதனைகளை நாள்தோறும் எண் போட்டு எழுதிவந்தார். அந்தப் பத்திகள் 16,000க்கும் மேல்! ஈர்ப்பு விசைக்கும் மின்சாரத்துக்கும் தொடர்பு இருக்குமா என்று 1849இல் சோதித்தார். ஒன்றும் கிடைக்கவில்லை. அவர் அதை மறைக்கவில்லை. தொடர்பு எதுவும் தென்படவில்லை என்றே எழுதி வெளியிட்டார். மின்னாக்கிக்கு வழி காட்டிய மனிதர், தம் தோல்வியையும் அதே மையால் எழுதிவைத்தார்.

ஒரு வேண்டுகோள்

இதற்கெல்லாம் என்ன செலவு? சிவகாசி அச்சகங்களில் அச்சாகும் தினக் காலண்டர் இல்லாத வீடு தமிழ்நாட்டில் உண்டா? தினமும் கிழிக்கும் தாளைக் கசக்கி எறியாதீர்கள். முன்பக்கத்தில் தேதி அச்சிட்டிருக்கிறது. பின்பக்கம் வெறுமையாக இருந்தால் அதைவிட நல்ல குறிப்பேடு வேறில்லை. அன்றைய நிழல், அன்றைய மழை, அன்றைய வேப்பமரம் எல்லாவற்றையும் அதில் எழுதி, ஒரு நூலில் கோத்துவையுங்கள்.

பேனாவால் எழுதுங்கள், பென்சில் வேண்டாம். தவறு என்று தோன்றினால் படிக்கும்படியாக ஒரே ஒரு கோடு கிழித்து, பக்கத்தில் காரணத்தை எழுதுங்கள். பெற்றோரிடமும் ஒரு வார்த்தை: பிள்ளையின் நோட்டைப் பார்த்து "சரியா வந்துச்சா?" என்று கேட்காதீர்கள். "என்ன வந்துச்சு?" என்று கேளுங்கள். இரண்டு கேள்விகளுக்கும் உள்ள தூரம் சிறிதல்ல.

அந்தப் பெண்ணின் கதையை முடித்துவிடுகிறேன். "அழிச்சது சரியான விடைம்மா" என்று சொல்லிக் காரணத்தை விளக்கியபோது அவள் கேட்டாள்: "அப்ப நிழலே விழாத நாள் ஒண்ணு இருக்கணுமே சார்?"

இருக்கிறது. விருதுநகர்ப் பகுதிக்கு ஆண்டில் இருமுறை சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. ஒன்று ஆகஸ்டு 28ஐ ஒட்டி. மற்றொன்று ஏப்ரல் 14, 15ஐ ஒட்டி, அதாவது தமிழ்ப் புத்தாண்டு நாளிலோ மறுநாளிலோ! ஒரு குச்சியை நட்டு, நூலில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டு, அது நேராக நிற்கிறதா என்று சரிபாருங்கள். சூரியனை நேராகப் பார்க்காதீர்கள். நிழலை மட்டும் பாருங்கள். 12 மணியிலிருந்து 12.40 வரை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிழலின் நுனியைக் குறியுங்கள். 12.18ஐ ஒட்டி நிழல் குச்சியின் காலடிக்குள் ஒடுங்கிவிட வேண்டும். அதே புத்தாண்டு நாளில் சென்னையிலுள்ள ஒரு நண்பர் ஒரு மீட்டர் குச்சியை நட்டு, தம் ஊர் நண்பகலில் அளந்தால், 6 செ.மீ. அளவுக்கு நிழல் வடக்கே விழும். இரண்டு ஊர்களுக்கும் வடக்குத் தெற்காக உள்ள தூரம் ஏறக்குறைய 390 கி.மீ. இவற்றைக் கொண்டு பூமியின் சுற்றளவையே கணக்கிட்டுவிடலாம். எரட்டோஸ்தனிஸ் 2,200 ஆண்டுகளுக்கு முன் எகிப்தில் செய்தது இதைத்தான்.

உங்களுக்கு 40,000 கி.மீ. வராது. ஒரு செ.மீ. பிசகினால் பல ஆயிரம் கி.மீ. பிசகும். 34,000 வரலாம், 49,000 வரலாம். பின்னாலிருந்து கணக்குப் போட்டுத் திருத்தாதீர்கள். வந்த எண்ணை வந்தபடியே காலண்டர் தாளின் பின்புறம் எழுதிவையுங்கள். குச்சி சாய்ந்திருந்ததா, தரை மேடு பள்ளமா, நேரம் தவறியதா என்று யோசியுங்கள். ஆகஸ்டு 28இல் மறுபடி அளந்து பாருங்கள்.

சூலக்கரைப் பெண்ணின் நோட்டில் அந்தத் தேய்ந்த இடத்துக்குக் கீழே இப்போது ஒரு வரி இருக்கிறது. "நிழல் தெற்கே விழுந்தது. 24 செ.மீ. இதுதான் சரி." அழித்ததை மறுபடி எழுதும் வாய்ப்பு அவளுக்குக் கிடைத்தது. நீங்கள் அழிக்காமலேயே இருந்துவிடுங்கள்.